சைலன்சருக்குப் போட்ட கட்டு

என் பைக்கின் சைலன்சர் துருப்பிடித்து ஓட்டை விழுந்தபோது எனக்கு வந்தது கவலையல்ல, வீம்பு. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடத்தில் வேலை பார்க்கிறவன் நான். ஓர் ஓட்டைக்குக் கட்டுப்போடத் தெரியாதா? கழிவுத் துணியைச் சூடு தாங்கும் பசையில் தோய்த்து மூன்று சுற்று சுற்றினேன். அடியில் பொட்டளவில் இன்னோர் ஓட்டையும் தென்பட்டது. அதையும் சேர்த்து அடைத்தேன்.

மழைக்காலம் முழுக்கத் தாங்கியது. பிறகு கட்டு கருகி உதிர்ந்தது. குழாயே அரித்துப்போய், வண்டி போட்ட சத்தத்தில் எங்கள் ஊர் சுந்தரபாண்டியமே எழுந்துகொண்டது. புதுசு வாங்கக் காசில்லை. வண்டியை நிறுத்தவும் வழியில்லை. கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு மாணவர் விடுதிச் சமையலறையில் என் மனைவிக்குத் தற்காலிக வேலை. விடியற்காலை ஐந்தரைக்கு அவள் அங்கே அடுப்பு பற்றவைக்க வேண்டும். அந்நேரத்துக்குத் தோதான பஸ் கிடையாது. நான்கு நாள் தாமதமானால் வேறு ஆள் வந்துவிடும். கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் அவள் ஆசைப்பட்டுப் போன முதல் வேலை அது.

ஷிப்ட் முடிந்ததும் ராஜபாளையத்திலேயே ஒரு வெல்டிங் பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரர் என்னைவிடப் பத்து வயது இளையவர். மிச்சமிருந்த கட்டைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டார். அந்த மரியாதையை நான் மறக்கவில்லை.

"அண்ணாச்சி, அடியில இருந்த சின்ன ஓட்டைய ஏன் அடைச்சீய? அது தண்ணி வடியுறதுக்குன்னே வச்சது. உள்ள நின்ன தண்ணிதான் அம்புட்டையும் அரிச்சிருக்கு."

"புதுசுதான் மாத்தணுமா தம்பி?"

"செத்த நேரம் உக்காருங்க."

ஸ்பேனரால் குழாய் நெடுக மெல்லத் தட்டினார். கணீரென்று கேட்ட இடத்தை விட்டுவிட்டார். சத்தம் மங்கிய இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, கோட்டுக்குள் இருந்ததை மட்டும் அறுத்தெடுத்தார். நல்ல தகட்டில் ஒரு விரல்கடைகூட வீணாகவில்லை. பழைய சைலன்சர் ஒன்றில் அதே வளைவுள்ள துண்டைத் தேடிப் பிடித்து, வெட்டி, பொருத்திப் பற்றவைத்தார். எல்லாம் முடிந்த பிறகு அதன் அடியில் டிரில்லை வைத்து மறுபடி ஓர் ஓட்டை போட்டார். நான் பதறி எழுந்தேன். அவர் கை தயங்கவே இல்லை. இத்தனை வருடம் தறி ஓட்டியவனுக்குத் தொழில் தெரிந்த கை எது என்று தெரியும். அந்தக் கையைக் கும்பிடலாம்.

மறுநாள் விடியுமுன் மனைவியை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். ஊர் தாண்டியதும், பின்னாலிருந்து அவள் குரல் தெளிவாகக் கேட்டது.

"இன்னைக்காவது காதுல விழுதா? அடுத்த மாசத்துல இருந்து என் வேலை நிரந்தரமாம். நாலு நாளைக்கு முன்னாடி இதே இடத்துல வச்சுச் சொன்னேன். நீங்க சும்மா தலைய ஆட்டுனீய. பிடிக்கலையோன்னு அதுக்குப் பொறவு நான் பேசல."

வண்டியை ஓரங்கட்டினேன். "அன்னைக்கு ஒண்ணுமே கேக்கல. இன்னொரு தரம் சொல்லு" என்றேன்.

"நேரமாவுது, ஓட்டுங்க. சொல்லிக்கிட்டே வாரேன்."

விடுதி வாசல் வரை சொல்லிக்கொண்டே வந்தாள். ஒரு சொல் விடாமல் கேட்டேன்.