மாமனார் கட்டிலின் இடது சட்டம்

ஒரே கூரையின் கீழ் ஆறு தச்சர்கள். மரம் அறுக்கும் மெஷின் மட்டும் ஒன்றே ஒன்று. ஆறு பேருக்கும் பொது என்பதால் அதைத் துடைக்க ஆள் இல்லை, எண்ணெய் விட ஆள் இல்லை. நின்றுபோனால் திட்டுவதற்கு மட்டும் ஆறு பேரும் ஆஜர். அந்த ஆறு பேரில் ஒருவர், திட்டி முடித்த கையோடு ஸ்குரூ டிரைவரையும் எடுப்பார். அவருக்கு 'டாக்டர்' என்று பெயர் விழுந்தது.

டாக்டரின் வைத்தியத்தில் கடைச் சரக்குக்கு இடமில்லை. மெஷினில் ஓடிய பெல்ட், ஆயுள் முடிந்த ஒரு வாஷிங் மெஷினுடையது. இறுக்கும் திருகின் தலையில் இருந்தது குக்கர் கைப்பிடி. ஆடிய காலுக்கு முட்டுக்கொடுத்தது அவருடைய மகள் ஓட்டப்பந்தயத்தில் வாங்கிய கேடயம். மரியாதை கருதி எழுத்து தெரியாமல் கவிழ்த்து வைத்திருந்தார்.

"வீட்ல ஒரு சாமான் காணோம்னா நான் எங்கயும் தேடறதில்லைங்க. உங்க பட்டறைக்கு ஒரு நடை வந்தாப் போதும்" என்பார் அவர் மனைவி.

ஆனால் மனைவிக்கே வெகுநாள் தெரியாத ஒன்று இருந்தது. பலகை கோணாமல் போவதற்காக அதை ஒட்டிப்பிடித்துத் தள்ளும் நீளமான இரும்புச் சட்டத்தைக் கைடு என்பார்கள். ஒன்பது வருடங்களுக்கு முன்பு அது உடைந்தது. அன்று மாலை வீட்டில் அலமாரிக்குப் பின்னால் மடித்துச் சாத்தியிருந்த மாமனாரின் இரும்புக் கட்டில் டாக்டரின் கண்ணில் பட்டது. அதன் இடது பக்கச் சட்டம் மறுநாள் பட்டறைக்குப் போனது. சீக்கிரமே திருப்பி வைத்துவிடும் உயர்ந்த நோக்கம் இருந்ததால் அதை அவர் வெட்டவில்லை. மேசைக்கு இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டு ஒன்பது வருடமாக அது எல்லோருடைய தொடையையும் இடித்தது. வீட்டில், மடித்து வைத்த கட்டிலை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

இந்த நிம்மதிக்கு ஒரு செவ்வாய்க்கிழமை முடிவு வந்தது.

"அப்பாவுக்குக் கண்ணு ஆபரேஷனாம். வெள்ளிக்கிழமை வராரு. ஒரு மாசம் நம்ம வீட்லதான். அந்தக் கட்டில எடுத்துத் துடைச்சு வைங்க."

டாக்டர் துடைக்கப் போகும் முன் மனைவியே அதை விரித்துப் பார்த்துவிட்டார். கட்டில் ஒரு பக்கமாகச் சரிந்து அவர் காலருகே விழுந்தது. அவர் கத்தவில்லை. "வெள்ளிக்கிழமைக்குள்ள இது கட்டிலா இருக்கணும்" என்றார்.

டாக்டரின் பயம் மனைவியிடம் அல்ல. முன்பொரு முறை மாமனாரின் ரேடியோவைப் பழுதுபார்த்துக் கொடுத்தபோது, அந்த மனிதர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளைகிட்ட சாமான் கொடுத்தா திரும்பி வந்துடுது. அதே சாமானாத்தான் வரமாட்டேங்குது" என்று சொன்னார். சொந்தபந்தம் முழுக்க அது பரவியது. இப்போது கட்டிலும் அந்தக் கணக்கில் சேர்ந்தால் டாக்டர் பட்டத்தை வைத்துக்கொண்டு ஊரில் நடமாட முடியாது.

அதனால் புதன்கிழமை பட்டறையில் ஒரு வரலாற்று நிகழ்ச்சி நடந்தது. ஒன்பது வருடமாகக் கம்பெனி சாமான் என்ற பேச்சை எடுத்தவர்களையெல்லாம் வாயடைக்கச் செய்த டாக்டர், தானே எழுந்து, "கைடு மட்டும் ஒரிஜினலா வாங்கிப் போட்டுடலாம்" என்றார்.

"உடம்பு ஏதும் சரியில்லையா டாக்டர்?" என்று ஜன்னல் வேலை செய்பவர் கேட்டார்.

அன்றே வாங்கிவந்தார்கள். கடையில் இருந்தது பெரிய மெஷினுக்கானதுதான், பழைய சட்டத்தைப் போலவே ஆறடி. பளபளவென்று, பக்கவாட்டில் ஒன்று முதல் எழுபத்திரண்டு வரை அங்குலக் கோடுகளும் எண்களும் போட்டது. டாக்டர் மாட்டினார். பழையதைச் சாக்கில் சுற்றிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, பாவம் கழிந்தவராக வீட்டுக்குப் போனார்.

வியாழக்கிழமை காலைக்குள் ஜன்னல்காரர் எட்டுப் பலகைகளைக் கோணலாக அறுத்திருந்தார். நாற்காலி செய்பவரின் நான்கு கால்கள் நான்கு குடும்பத்தில் பிறந்தவை போல இருந்தன. கம்பெனியைக் கண்டபடி ஏசினார்கள். டாக்டர் மட்டம் வைத்துப் பார்த்தார். கைடு நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது. அதுதான் வியாதி. மாமனாரின் சட்டத்தில் நடுவே லேசான ஒரு வளைவு உண்டு. பலகை அந்த இடத்துக்கு வரும்போது இடது கையைத் தளர்த்தி, வலது தோளைச் சாய்த்துத் தள்ள ஒன்பது வருடத்தில் ஆறு பேரும் பழகிவிட்டார்கள். கைடு நிமிர்ந்துவிட்டது, தோள்கள் நிமிரவில்லை.

"நேராத் தள்ளுங்கப்பா" என்றார் டாக்டர்.

"நேராத்தான் தள்றோம்" என்றார்கள் ஐந்து பேரும், தோளைச் சாய்த்தபடி.

"பழசையே கொண்டாந்து போடுங்க. நாளைக்குள்ள நான் ஜன்னல் கொடுத்தாகணும்" என்றார் ஜன்னல்காரர்.

"முடியாது. அது என் மாமனார் கட்டில்."



"அப்போ இத்தனை வருஷமா," என்று நாற்காலிக்காரர் மெதுவாகக் கேட்டார், "உங்க மாமனார் மேல வச்சா அறுத்துட்டு இருந்தோம்?"

ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். மாமனாரைத் தரையில் படுக்க வைக்கலாம் என்பதும் அதில் ஒன்று. கடைசியில் வழி டாக்டருக்கே தோன்றியது. இரண்டும் ஆறடிதானே. கம்பெனிக் கைடில் நான்கு துளை போட்டு, கட்டிலில் முடுக்கினார். கட்டில் நின்றது. பழைய சட்டம் மெஷினுக்குத் திரும்பியது, பலகைகள் நேராக விழுந்தன. எண்கள் இருந்த பக்கத்தில் மனைவி போர்வையைத் தொங்கவிட்டார்.

வெள்ளிக்கிழமை மாமனார் வந்தார். கண்ணில் புரை இருந்ததால் எல்லாம் அவருக்குப் புகைமூட்டமாகத் தெரிந்தது. தடவிப் பார்த்து, "நம்ம கட்டிலா?" என்றார். "ஆமாம் மாமா" என்றார் டாக்டர். அது பாதிக்குமேல் உண்மை.

ஆபரேஷன் நன்றாக நடந்தது. நன்றாக நடந்ததே என்று கவலைப்பட்டவரும் அந்தக் குடும்பத்தில் ஒருவர் உண்டு. கட்டுப் பிரித்து வந்த மறுநாள் காலை, மாமனார் போர்வையை உதறி எழுந்து, குனிந்து, மெதுவாகப் படித்தார்: "முப்பத்தி நாலு. முப்பத்தஞ்சு. முப்பத்தாறு."

டாக்டரின் மனைவி அடுக்களைக்குள் போய்விட்டார்.

"மாப்பிள்ளை. என் கட்டில்ல கணக்கு எழுதியிருக்கே?"

டாக்டர் சொல்லிவிட்டார். ரேடியோவைப் பார்த்த அதே முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்த மாமனார், "அது இப்போ எங்க இருக்கோ, அங்க கூட்டிட்டுப் போங்க" என்றார்.

பட்டறையில் ஐந்து பேரும் சம்பந்தி வீட்டாரைப் போல எழுந்து நின்றார்கள். மாமனார் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். சட்டத்தின் மேல் உள்ளங்கையை வைத்து, ஒரு முனையிலிருந்து நகர்த்திக்கொண்டே வந்து, நடுவில் நின்றார்.

"இங்கதான் உக்காந்து தினமும் செருப்பு மாட்டுவேன். இருபது வருஷம்" என்றார்.

யாரும் கேட்காமலே ஜன்னல்காரர் ஒரு பலகையை அறுத்துக் காட்டினார். இடது கை தளர்ந்தது, வலது தோள் சாய்ந்தது, பலகை நேராக விழுந்தது. மாமனார் அதை எடுத்து ஓரத்தில் புதுக் கண்ணை வைத்துப் பார்த்தார்.

டாக்டர் காத்திருந்தார்.

"இதுவும் ஒருநாள் போயிடும்ல" என்றார் மாமனார். "வலது பக்கச் சட்டத்தையும் கழட்டி இங்க எடுத்து வச்சுக்கங்க. அதுலயும் நான் உக்காந்திருக்கேன்."

"அப்போ நீங்க எதுல மாமா படுப்பீங்க?"

"அந்தப் பக்கத்துக்கும் நம்பர் போட்டதே வாங்கிடுங்க. படுத்தா நான் அறுபத்தாறு அங்குலம்தான் இருக்கேன். மறு பக்கத்துலயும் ஒரு தடவ அளந்து பாத்துடறேன்."