முனியம்மாவின் தம்பிக்கு எழுதிய கடிதம்

தங்கச் சுரங்கத்துக்கு ஆள் சேர்த்தபோது நான் உண்மையை மறைத்தேன். குடியாத்தம் பக்கத்துச் சேரிகளில் கூலியைப் பற்றி விரிவாகப் பேசினேன். பாறை சரிந்து ஆட்கள் சாவதைப் பற்றி வாயே திறக்கவில்லை. என்னை நம்பி வந்த சின்னப்பன் போன மாதம் ஷாஃப்ட் என்கிற ஆழக் குழிக்குள் செத்துப்போனான்.

சுரங்கத்தை ஒட்டிய சாம்பியன் ரீப்ஸ் குடியிருப்பில், அவன் மனைவி முனியம்மாவின் தட்டிக் குடிசை முன்னால் நிற்கிறேன். உட்காரச் சொல்கிறாள், முடியவில்லை. கல் இடிக்கும் ஆலையால் தரை ஓயாமல் அதிர்கிறது.

"ஊர்லயே நிலம் வாங்கித் தர்றேம்மா, போயிடு" என்கிறேன்.

"எங்க கையில நெலத்தப் பாத்தா ஆண்டைங்க சும்மா உடுவாங்களா, சாமி? இங்க செருப்பு போட்டுக்கினு தெருவுல நடக்கறேன். இன்னாடின்னு கேக்க ஆளில்ல."

"உன் புருஷனக் கொன்ன எடம்மா இது!"

"அங்க மட்டும் இன்னா? தெனம் கொஞ்சம் கொஞ்சமா செத்துக்கினுதான இருந்தோம். எதுனா செய்யணும்னா, எந்தம்பிய வரச்சொல்லி கடுதாசி எழுதுங்க."

"பாறை சரியறதையும் எழுதுவேன்."

"எழுதுங்க. செருப்பையும் எழுதுங்க."

மறைத்ததை எல்லாம் எழுதுகிறேன். சின்னப்பனின் உடலை மேலே கொண்டுவர இரண்டு நாள் ஆனதையும் விடவில்லை. அவள் சொன்னபடி, கடைசியில் செருப்பையும் ஒரு வரி சேர்க்கிறேன். இதைக் கேட்டபின் தம்பி வரமாட்டான் என்று நம்பித் தபாலில் சேர்க்கிறேன். ஆனாலும் ஊர் திரும்ப மனமில்லாமல் தினமும் ரயிலடிக்குப் போய்வருகிறேன்.

பத்தாம் நாள் தம்பி வந்து இறங்குகிறான். கடிதத்தைப் படிக்கக் கேட்ட நான்கு பேர் அவனுடன் வந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவன், எந்த ஷாஃப்டில் சீக்கிரம் வேலை கிடைக்கும் என்று என்னிடமே கேட்கிறான்.