ஜானிக்கு இறங்காத விதை

உக்காருங்க, உக்காருங்க, பேச்ச நிறுத்துங்க, பூனையக் கூண்டுக்குள்ள தள்ளுங்க! மலாய் நாட்டு ஜார்ஜ்டவுன்ல ஒரு மிருக கிளினிக் கவுண்டர்ல பத்து வருசமா இததான் கத்துறேன். நாலு கால்ல வர்றது சொன்னா கேக்கும், ரெண்டு கால்ல வர்றதுதான் கேக்காது. கவுண்டர்ல குந்தி வயிறு வளக்குற சனங்களே, உங்களுக்கு நான் வெளக்கணுமா?

ஒண்ணு உள்ள

குணா அண்ணே பிறை ஊரு ஃபேக்டரியில ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுறவரு. எட்டு மாச நாய்க்குட்டி ஜானியத் தூக்கிட்டு வந்தாரு, கூடவே அவரு சம்சாரம் லெட்சுமி அக்கா. அந்தக்கா வாயத் தொறந்து நான் பாத்ததே இல்ல. நாய் காதத் தடவிக்கிட்டே உக்காந்திருப்பாங்க.

டாக்டர் தொட்டுப் பாத்துட்டு, "விதக்கொட்ட ஒண்ணுதான் இறங்கியிருக்கு. இன்னொண்ணு வயித்துக்குள்ள மாட்டிக்கிச்சு, இனிமே இறங்காது. ரெண்டையும் எடுத்துரணும். விட்டா வயசானப்புறம் கட்டியாயிரும்"னாங்க. அண்ணனுக்கு வேர்த்து ஊத்துது. ரெண்டு தொடையையும் ஒட்ட வச்சுக்கிட்டு, "நீங்க சொல்லச் சொல்ல எனக்கே வலிக்குது லா"ன்னாரு.

தேதி குறிச்சிட்டு, ரோட்டுல நிப்பாட்டுன காடிய எடுக்க அவரு வெளிய போனாரு, அக்காவும் நாயோட பின்னாலயே போனாங்க. அப்புறம் நான் சும்மா இருப்பனா? தொடைய இறுக்கிக்கிட்டு, அவரு மாதிரியே கவுண்டர சுத்தி ஒரு நட. காத்திருந்தவங்க வயித்தப் புடிச்சிக்கிட்டு சிரிச்சாங்க. ஒரு சீன அங்கிள் கைதட்டி, இன்னொரு தடவ வேணும்னு மலாய்ல கத்துனாரு: "லாகி செகாலி!"

தேங்கா

குறிச்ச தேதிக்கு ஆளு வரல. போன் பண்ணா எடுக்கல. தைப்பூசத்துல ரதம் வர்ற ரோட்டுல பாத்தேன், ஒரு குவியல் தேங்காயோட நிக்கிறாரு.

"யாருக்குண்ணே வேண்டுதல்?"

"ஜானிக்கு. அது தானா இறங்கணும்"னாரு, என் மூஞ்சியப் பாக்காம.

"முருகனே தண்ணிமலையில ஏறி நிக்கிறவரு. அவர்கிட்ட போயி இறக்கிவிடச் சொல்றீங்களே!"

என் ஜோக்குக்கு நானே சிரிச்சேன். அண்ணே ஒரு தேங்காய ஓங்கிப் போட்டாரு, சில்லு என் கால்ல வந்து விழுந்துச்சு. "உங்க கிளினிக்குப் பக்கம் இனிமே வரமாட்டேன் தம்பி. முருகன் பாத்துக்குவாரு."

சாரோங்

ஏழு வருசம் கழிச்சு, போன வாரம், லெட்சுமி அக்கா ஜானிய சாரோங் துணியில சுத்தித் தூக்கிட்டு வந்தாங்க. அண்ணே உள்ள வரல, காடிகிட்டயே நின்னுட்டாரு. ஜானிக்கு முடியெல்லாம் கொட்டி, குட்டி போட்ட நாயாட்டம் காம்பு வீங்கி, ஈறு வெள்ள வெளேர்னு கெடக்கு.

டாக்டர் வயித்த அமுக்கிப் பாத்தாங்க, ரத்தம் எடுத்துப் பாத்தாங்க. "உள்ள இருந்ததுதான் கட்டியாயிருச்சு. ஒடம்புல ரத்தமே ஊறல. இப்ப கத்தி வச்சா மேசையிலயே போயிரும். வலி தெரியாம வச்சுக்கலாம், அவ்ளோதான்."

அக்கா அழுவல. நாய் காதத் தடவிக்கிட்டே உக்காந்திருந்தாங்க. அந்த அமைதி எனக்குத் தாங்கல. இந்த வாய் சும்மா கெடக்குமா?

"பத்து வருசத்துல நான் கண்டது இதாங்க்கா: நாய்க்கு ஒரு மயக்க ஊசி போதும், ஆம்பளைங்க பயத்துக்குத்தான் ஊசியே இல்ல"ன்னேன்.

அக்கா தலையத் தூக்குனாங்க.

"பயமில்ல தம்பி. அன்னிக்கு நீங்க நடந்து காட்டுனத, அவரு கண்ணாடிக் கதவுக்கு வெளிய நின்னு பாத்துட்டாரு."