ஆறுதல் சொல்ல வந்தவர்

நைனா இறந்த மூன்றாம் நாள் மாதா கோயிலில் பூசை முடிந்து வீடு திரும்பியதும் சித்தப்பா கேட்ட முதல் கேள்வி, "குழம்புல கறி இருக்குதா?" என்பதுதான். கூடப் பிறந்த அண்ணனைப் பறிகொடுத்தவரின் துக்கம் அவ்வளவு சீக்கிரம் பசியாக மாறியிருந்தது.

சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு அம்மாவின் எதிரில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினார்.

"அண்ணி, ஒங்களுக்கும் வயசாயிடுச்சி. அந்தக் கொல்லிய வச்சிக்கினு நீங்க இன்னா பண்ணுவீங்க? எங்கிட்ட வுட்டுடுங்க."

செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டுக்கு அப்பால், கிணற்றோடு கிடந்த நிலக்கடலை போடும் எங்கள் மல்லாட்டைக் கொல்லையைத்தான் சொன்னார். அவருடைய சொந்த நிலத்தில் கோரை மட்டுமே செழித்து வளர்ந்தது. உழுவதைப் பற்றிப் பேசுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. உழுது யாரும் பார்த்ததில்லை.

அம்மா அவருடைய எச்சில் இலையை எடுத்தாள். மறுநாள் விடிந்ததும் களைக்கொட்டோடு கொல்லைக்குக் கிளம்பிவிட்டாள். தெருப் பெண்கள் அவளைக் கல்நெஞ்சுக்காரி என்றார்கள். சத்தத்தை வைத்து அன்பை அளக்கிற கூட்டம் அது. நைனா படுக்கையில் கிடந்த மாதங்களில் அவர்களில் ஒருத்திகூட ஒரு சொம்பு கஞ்சி கொண்டுவந்ததில்லை.

அடுத்த மழைக்காலத்தில், அம்மாவோடு நிலத்தில் பாடுபட்ட சின்னண்ணன் மஞ்சள்காமாலையில் போய்விட்டான். மெட்ராஸில் வேலையிலிருந்த பெரியண்ணன் அடக்கத்துக்கு வரவில்லை. லீவு கிடைக்கவில்லையாம். அம்மாவின் தலை முழுக்க வெளுத்துவிட்டது. ஜெபமாலை சொல்லும்போது பாதியில் நின்று, சுவரையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

சித்தப்பா மட்டும் தவறாமல் வந்தார். இந்தத் தடவை கடவுளையும் துணைக்குக் கூட்டிவந்திருந்தார்.

"இதெல்லாம் சர்வேசுரன் காட்ற வழி அண்ணி. நெலத்த வுட்டுடுங்கன்றாரு."

"அத அவரே வந்து எங்கிட்ட சொல்லட்டும் தம்பி. நீ காப்பி குடி."

குடித்தார். இன்னொரு தம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தார்.

வருஷங்கள் போயின. முழங்கால் வலியால் நிற்க முடியாமல் போனபோது, அம்மா உட்கார்ந்தபடியே நகர்ந்து களையெடுத்தாள். ஒருநாள், கல்யாண விருந்தில் வயிறு முட்டத் தின்றுவிட்டு வந்து படுத்த சித்தப்பா எழுந்திருக்கவில்லை. அவர் வாழ்ந்த விதத்துக்குப் பொருத்தமான சாவுதான். சேதி கேட்டு அம்மா கால் சேற்றைக்கூடக் கழுவாமல் ஓடினாள். பெட்டியின் மேல் விழுந்து கதறினாள். நைனாவுக்குக்கூட அவள் அப்படி அழுததில்லை.

வீடு திரும்பும் வழியில் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"அந்த ஆளுக்காம்மா இப்டி அழுவுற? நெலத்தப் புடுங்கத்தான அவரு வந்தாரு?"

"அது எனக்குத் தெரியாதா? இவங்கிட்ட குடுத்துடக் கூடாதுன்னுதான் ஒவ்வொரு தபாவும் எழுந்து கொல்லிக்குப் போனேன். இல்லன்னா ஒங்க நைனா போன அன்னிக்கே படுத்திருப்பேன்டி."

அதற்காக அந்த மனிதர்மேல் எனக்கு மதிப்பு வந்துவிட்டதாகச் சொல்ல மாட்டேன்.

அந்த வருஷ அறுவடையில் ஒரு கூடை மல்லாட்டையைச் சித்திக்குக் கொடுத்துவிட்டு வரச் சொன்னாள் அம்மா. முணுமுணுத்துக்கொண்டே சுமந்துபோனேன். சித்தி ஒரு கை அள்ளி, காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தாள்.

"இன்னாடி இது, பாதி பருப்பில்லாத பொக்கா இருக்குது?" என்றாள்.