எட்டு மாமா

முனிராஜ் அண்ணா இறந்துவிட்டார்.

எங்கள் ஏரியா கேபிள்காரர். காலையில் வழக்கம்போல அவர் நம்பருக்குத்தான் போன் போட்டேன். அவர் மனைவி எடுத்தார்.

"அவரு போயி இன்னிக்கு மூணாம் நாளுக்கா... நெஞ்சு வலின்னாரு. ஆஸ்பத்திரி வாசல்லயே முடிஞ்சிருச்சு."

எதற்குக் கூப்பிட்டேன் என்று அந்த நிலையிலும் கேட்டார். டிவி வரவில்லை என்று எந்த வாயால் சொல்வது... ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டேன்.

முன்பெல்லாம் இந்தப் பக்கம் யார் இறந்தாலும் அவருடைய லோக்கல் சேனலில் கீழே எழுத்து ஓடும். செட்டாப் பாக்ஸ் வந்ததோடு அந்த சேனல் போயிற்று. அவர் போனது எங்கேயும் ஓடவில்லை.

வீட்டுக் கணக்கு தவிர வேறு எழுதிப் பழக்கமில்லை எனக்கு. என் வீட்டுக்காரருக்கு சிப்காட் கம்பெனியில் முதல் ஷிப்ட், போனை கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். யாரிடம் சொல்வது என்று தெரியாமல் இங்கே, நம் பெற்றோர் குழுவில் எழுதுகிறேன்.

என் மகன் ஜெரோமை உங்களில் சிலருக்குத் தெரியும். இருபத்துமூன்று வயது. ஆட்டிசம். வாயில் வரும் வார்த்தைகள் கொஞ்சம்தான். அதில் ஒன்று "எட்டு".

பழைய கேபிளில் எட்டாம் நம்பரில்தான் எங்கள் சர்ச் பூசை வரும். "எங்க சாமி பன்னெண்டுல, உங்க சாமி எட்டுலக்கா" என்பார் அண்ணா.

விடிந்ததும் ஜெரோம் எட்டை அழுத்துவான். பீடத்து மெழுகுவர்த்தியைப் பார்த்தால்தான் பல் விளக்குவான், சாப்பிடுவான். கிரெயின்ஸ் அடித்தாலும் பரவாயில்லை, அந்தப் புள்ளிகளுக்கு நடுவே சாமியார் அசைவது தெரிந்தால் போதும் அவனுக்கு.

பிறகு அந்தப் பழைய அனலாக் கேபிளை நிறுத்தினார்கள். எல்லார் வீட்டுக்கும் செட்டாப் பாக்ஸ். எங்கள் சாமி ஏதோ மூன்று இலக்க நம்பருக்குப் போய்விட்டார். எட்டை அழுத்தினால் வெறும் இரைச்சல்.

அந்த நாட்களை எழுதக் கை வரவில்லை... சுவரில் தலையை முட்டுவான். நானும் இவரும் தலையணையைச் சுவரோடு வைத்துப் பிடித்துக்கொண்டு நிற்போம். "மாதாவே, மாதாவே" என்பதைத் தவிர என் வாயில் ஒரு ஜெபமும் வரவில்லை.

அண்ணா வந்து பார்த்தார். மறுநாள் ஒரு சின்ன டப்பாவோடு வந்தார். மாடுலேட்டராம். பாக்ஸை பூசை வரும் அந்த ஒரே சேனலில் நிறுத்தி பீரோ மேல் மறைத்து வைத்தார். டப்பா வழியாக அதைப் பழைய டிவியின் எட்டாம் நம்பருக்கே கொண்டுவந்தார்.

ஜெரோம் கையில் பழைய ரிமோட். அழுத்தினான்.

மெழுகுவர்த்தி.

"ஊருக்கெல்லாம் டிஜிட்டல் ஆகட்டும்க்கா. நம்ம ஜெரோமுக்கு அனலாக்கே இருக்கட்டும்."

அன்றிலிருந்து அவர் எட்டு மாமா.

அண்ணாவுக்கு வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ், ஜெரோமிடம் மட்டும் ஏனோ கன்னடம். கேட்டைத் திறக்கும்போதே "ஊட்டா ஆய்த்தா ஜெரோம்?" என்பார். சாப்பிட்டாச்சா என்று. இவன் "ஆய்த்து" என்பான். ஆச்சு என்று.

கேட்ட கேள்விக்குப் பதில் என்று என் பிள்ளை வாயிலிருந்து வந்தது அது ஒன்றுதான். பெற்றவள் எனக்குக்கூட அப்படிச் சொன்னதில்லை.

டிவி கெட்டால் எட்டு மாமா வருவார் என்று எப்போது கண்டுகொண்டானோ... பின்னாலிருந்து வயரைப் பிடுங்கிவிட்டு கேட்டில் போய் நிற்க ஆரம்பித்தான்.

வயரைச் சொருக எனக்கே தெரியும். அதில் பிரயோசனமில்லை. திரும்பப் பிடுங்குவான்.

அண்ணாவிடம் வெட்கத்தோடு சொன்னேன். சிரித்தார். "கம்ப்ளெய்ன்ட் குடுக்கறதுல நம்ம ஜெரோம் மாதிரி கஸ்டமர் கெடையாதுக்கா. டீ போட்டு வெய்ங்க, வரேன்."

வருவார். டிவிக்குப் பின்னால் குனிந்து, இல்லாத பழுதை ரொம்ப நேரம் தேடுவார். ஜெரோமும் பக்கத்தில் குனிந்து தேடுவான். டார்ச் பிடிக்கிற வேலை அவனுக்கு.

இன்றைக்கும் பிடுங்கிவிட்டான். அதற்காகத்தான் அந்த போன்...

மாமா வரமாட்டார் என்று சொல்லிப் பார்த்தேன். என் கையைத் தட்டிவிட்டு கேட்டுக்குப் போய்விட்டான்.

இவனுக்கு எந்த வார்த்தையில் சொல்வது? யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். மாமா சாமிகிட்டப் போய்ட்டாரு என்று சொல்ல வாய் வரை வந்தது. இவனுக்கு சாமி எட்டில்தான் இருக்கிறார். அங்கே தேட ஆரம்பித்தால் நான் என்ன செய்வேன்... கர்த்தரே, நான் என்ன செய்வேன்.

இதை எழுதும்போதும் வெயிலில் நிற்கிறான். இட்லி தட்டில் அப்படியே இருக்கிறது. நெற்றியில் கை வைக்கத் தொடங்கிவிட்டான். முட்டுவதற்கு முன்னால் அப்படித்தான் வைப்பான்.

தெருவில் வண்டிச் சத்தம் கேட்டால் போதும். கேட்பதற்கு ஆள் இல்லாமலே, "ஆய்த்து" என்கிறான்.

போய் வாங்கண்ணா.

வயரை நான் இன்னும் சொருகவில்லை.