தலைகீழ் சுவிட்ச்

பக்கவாத மறுவாழ்வு மையத்திலிருந்து வீடு திரும்பிய எலக்ட்ரீஷியனுக்கு இருந்தது ஒரே வைராக்கியம். யார் கையையும் பிடிக்காமல் குளியலறைக்குப் போய்வர வேண்டும். முடியாவிட்டால் மையத்துக்கே போய்விடுவேன் என்று மனைவியிடம் காரிலேயே சொல்லிவிட்டார்.

மையத்தில் பயிற்சியாளர் தினமும் கண்ணை மூடச் சொல்லி, வீட்டுக்குள் மனதாலேயே நடக்கவைத்திருந்தார். கட்டில், அறைக்கதவு, குளியலறை, வலப்பக்கம் சுவிட்ச். எல்லாம் மனப்பாடம்.

உள்ளே வந்தவர் ஹாலைப் பார்த்து நின்றுவிட்டார். "இது யார் வீடு?"

"நம்ம வீடுதாம்பா," என்றாள் மகள். "பாத்ரூம் பக்கத்துல இருக்கட்டும்னு கட்டிலை ஹால்ல போட்டிருக்கோம்."

"நான்தான் தூக்குனேன் மாமா," என்றான் மைத்துனன். "இடுப்பு போச்சு. இனிமே நீங்கதான் என்னைப் பாத்துக்கணும்."

அவர் சிரிக்கவில்லை. ஊன்றுகோலைத் தட்டித் தட்டிக் குளியலறை வாசலுக்குப் போனார். வலது கையால் சுவிட்சை மேலே தள்ளினார். அசையவில்லை. மறுபடி தள்ளினார். இருட்டு அப்படியே இருந்தது.

"என் சுவிட்ச் இது இல்ல. வேற எங்கேயோ கூட்டிட்டு வந்துட்டீங்க. என்னைக் கொண்டுபோய் விடுங்க."

மனைவிக்கு அப்போதுதான் உறைத்தது. ஊரெல்லாம் ஒழுங்காக வேலை செய்தவர், சொந்த வீட்டில் அந்த ஒரு சுவிட்சை மட்டும் தலைகீழாக மாட்டியிருந்தார். மேலே தள்ளினால்தான் எரியும். விருந்தாளிகள் இருட்டில் தடுமாறும்போதெல்லாம் அவள் குத்திக்காட்டுவாள், அவர் நாளைக்கு என்பார். அவர் வரும் நாளுக்காகத் தம்பியை விட்டு அதைச் சரிசெய்து வைத்திருந்தாள்.

"இத்தனை வருஷமா நான் கேட்டதைத்தானே செஞ்சோம்?" என்றாள்.

"யாரு செய்யச் சொன்னா?"

அவள் போய் மெயினை அணைத்தாள். அவருடைய பழைய கருவிப் பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்துத் தம்பியிடம் நீட்டினாள்.

"எதுக்குக்கா? நல்லாத்தானே இருக்கு?"

"கழட்டித் திருப்பி மாட்டுடா."

மெயினைப் போட்டதும் அவர் மேலே தள்ளினார். வெளிச்சம் வந்தது. தனியாக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மூன்று பேரும் வெளியே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

கதவு திறந்தது. துணைக்கு நீண்ட மகளின் கையை அவர் விலக்கினார்.

"நம்ம வீடுதான்," என்றார். பிறகு ஹாலைப் பார்த்து முகத்தைச் சுருக்கினார். "கட்டில் ஏன் இங்க கிடக்கு?"

மைத்துனன் இடுப்பைப் பிடித்துக்கொண்டான்.