கன்னத்துக்கு ஒரு விரல்

என் கணவருக்கு இரண்டு தொழில். மாலையில் மாத்தளைப் பக்கம் அலுவிகாரையில் ஒரு வாடகை மண்டபத்தில் கராத்தே வகுப்பு நடத்துவார். வருஷத்தில் சில தடவை கொழும்புக்குப் போய் கிக்பொக்சிங் ஆடுவார். சம்பியன் பட்டம் வாங்கியவர். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான், உதைக்கிற வேலை. வீட்டுக்குள் இருக்கிற எனக்குத் தெரியும், இரண்டும் எலியும் பூனையும். கராத்தேயில் கால் எதிரே நிற்பவரின் கன்னத்துக்கு ஒரு விரல் இடைவெளியில் நின்றுவிட வேண்டும், பட்டால் குற்றம். கிக்பொக்சிங் வளையத்துக்குள் பட்டால்தான் புள்ளி. ஒரே கால் இரண்டு வீட்டுக்கும் மருமகளாக இருக்க வேண்டும்.

வகுப்புப் பிள்ளைகளுக்குப் பெல்ட் கொடுக்கும் நாளில் அந்த உதையை அவர் பெற்றோருக்குச் செய்து காட்டுவார். கால் காற்றைக் கிழித்து வந்து கன்னத்தருகே அப்படியே நிற்கும். எல்லாரும் கை தட்டுவார்கள். அந்தக் கன்னம் என்னுடையது. அந்த வகுப்பில் படித்துத்தான் அவரைக் கட்டிக்கொண்டேன், வேறு யாரைக் கூப்பிடுவார்?

இந்த வருஷம் பெல்ட் கொடுக்கும் நாளும் கொழும்புப் போட்டியும் ஒட்டி ஒட்டி வந்தன. வீட்டுக்குப் பின்னால் பலாமரத்தில் தொங்கும் மணல் மூட்டையை மாதக்கணக்காக இடித்துக்கொண்டிருந்தார். அடுப்படியில் நிற்கும்போது ஒவ்வொரு இடியையும் எண்ணிக்கொண்டிருப்பேன். மூட்டையைத் துளைத்துப் போகப் பழகிய கால், என் முகத்தருகே நிற்குமா? ஒத்திகையில் பதில் கிடைத்தது. அவருடைய பாதம் என் காதை உரசி, தோடு தெறித்துத் தரையில் உருண்டது.

"பட்டிருச்சா? பட்டிருச்சா?" அவர் முகம் வெளுத்துவிட்டது.

"தோடுதான் போச்சு, காது இருக்கு," என்றேன். குனிந்து அதைத் தேடி எடுத்தேன்.

"இந்த வருஷம் இது வேணாம் புள்ள. கால் என் பேச்சக் கேக்க மாட்டேங்குது."

அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் கால் நிற்காத மாஸ்டரிடம் எந்தத் தாய் பிள்ளையை அனுப்புவாள்? வகுப்பு போனால் வளையம் மட்டும்தான் மிச்சம். அவர் மூக்கு உடைந்து வந்த நாளிலிருந்து, இந்த மனுஷன் வளையத்தை விட்டு வெளியே வந்துவிட வேண்டும் என்றுதான் அம்மனிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதனால், "நிக்கிற வரைக்கும் என் மேலயே பழகுங்க," என்றேன்.

காலையில் முற்றத்தில் சுவரோரம் நிற்பேன். கண்ணை மூடக்கூடாது, மூடினால் தலை தானாகச் சாயும், அடி அப்போதுதான் விழும். திறந்த கண்ணோடு அந்தக் கால் வருவதைப் பார்ப்பது எப்படி என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கறிக்கு இரண்டு தடவை உப்புப் போட்டேன். மூன்றாம் தடவை போட்டபோது அவரே சட்டியை வாங்கி வைத்தார். ஆனால் கால் கற்றுக்கொண்டது. பெல்ட் கொடுத்த அன்று என் கன்னத்தில் காற்று மட்டும்தான் பட்டது. பல்லேபொலயிலிருந்து வந்திருந்த ஒரு தாய், "பயமில்லையா மிஸ்?" என்று கேட்டாள். பழக்கம் என்றேன். முதுகெல்லாம் வேர்வை.

அதற்குப் பிறகுதான் மற்றப் பயம் பிடித்தது. பயிற்சியில் அவர் உதைக்க மெத்தைப் பட்டையைப் பிடித்து நிற்கும் சிநேகிதர் வஹகோட்டையில் த்ரீவீலர் ஓட்டுகிறவர். உதைகளைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"என்ன மச்சான், கால் வந்து தட்டிட்டுப் போகுது? இடிக்கவே இல்லையே!"

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. என் முகத்தைக் காப்பாற்றப் போய், அவர் முகத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டேனோ? எதிரே வருகிறவன் கால் நிற்காதே.

"போகாதீங்க," என்று கெஞ்சினேன்.

"பேர் குடுத்தாச்சு."

கொழும்பில் நானும் பார்வையாளர்களோடு உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது சுற்றில் எதிராளி கையை இறக்கிவிட்டான். அவன் முகம் முழுக்கத் திறந்து கிடந்தது. கூட்டமே எழுந்து கத்தியது. என் கணவருடைய கால் எழும்பியது, அழகாகப் போனது, அவன் கன்னத்துக்கு ஒரு விரல் இடைவெளியில் நின்றது. எதிராளிக்கே ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் குத்தினான். விழுந்தவர் எழுந்தார், எழுந்தும் கால் தள்ளாடியதைப் பார்த்து நடுவர் போட்டியை நிறுத்திவிட்டார். தாடை உடையவில்லை என்று டொக்டர் சொல்லும்வரை நான் நானாக இல்லை.

திரும்பி வரும்போது வேனில் அவர் தலையை என் தோளில் சாய்த்து, ஐஸ் கட்டிய துணியைத் தாடையில் பிடித்துக்கொண்டிருந்தேன். கண்டி தாண்டியதும் வீங்கிய வாயைத் திறந்தார்.

"நான் நிப்பாட்டல புள்ள. மூஞ்சிக்கிட்ட போனதும் தானா நின்னுருச்சு."

எனக்கு ஆத்திரம் பொங்கியது. "இனி நான் உங்க முன்னால நிக்க மாட்டேன். அந்தப் பழைய காலைத் திருப்பி எடுத்துக்கங்க."

"அந்தக் கால் வந்தா ஒன் முகத்துக்கு நேரா என்னால தூக்க ஏலாது." ஐஸ் துணியை விலக்கிவிட்டார். "நீ என் முன்னாலயே நில்லு. நான் ரிங்குக்குப் போகல. போதும்."

எத்தனை வருஷமாக அம்மனிடம் கேட்டது. கொடுத்துவிட்டாள். வீங்கிய அந்தத் தாடையை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு, இந்த விலைக்கு வேண்டாம் தாயே, திருப்பி எடுத்துக்கொள் என்று மாத்தளை வந்து சேரும்வரை அழுதேன்.